தத்துப்பூச்சி வந்துவிட்டதா? மருந்தை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

முதன்முதலாக வெண்டை போட்ட வருடம், ஒரு நாள் காலையில் இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். வெளிர்பச்சையாக, எள்ளைவிடச் சிறிதாக நாலைந்து பூச்சிகள். நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து நரம்புக்கு அந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டன. பெயர் தெரியாது, பயம் மட்டும் வந்தது. கையில் இருந்த பூச்சிமருந்தை அன்று மாலையே அடித்தேன். இரண்டு நாள் செடி சுத்தமாக இருந்தது. மூன்றாவது வாரம் பார்த்தால் முன்னைவிடக் கூட்டம் அதிகம். எங்கே தப்பு நடந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

தத்துப்பூச்சி என்பது ஒரே பூச்சி இல்லை. பெயரிட்டுப் பட்டியலிட்டவை மட்டும் உலகில் 20,000 இனங்களுக்கு மேல் உண்டு. சிள்வண்டுக்குத் தூரத்து உறவு. புல்லில், மரத்தில், களையில், பயிரில் என்று எங்கும் இருக்கும். பெரும்பாலானவை யாருக்கும் எந்தத் தொல்லையும் தராமல் வாழ்ந்துவிட்டுப் போகின்றன. பயிருக்குப் பகையாக நிற்பவை சில டஜன்தான். ஆகவே கண்ணில் பட்டதும் தெளிப்பானைத் தூக்குவது அவசரம். என்ன பூச்சி, எத்தனை, என்ன சேதம் என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் என்ன செய்வது என்ற பேச்சே வரவேண்டும்.

முதலில், அது தத்துப்பூச்சிதானா?

பயிரில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் நீளத்துக்குள் இருக்கும். தலைப்பக்கம் அகலமாகவும் வால்பக்கம் ஒடுங்கியும் ஆப்பு போன்ற உடல். இறக்கையை முதுகின் மேல் கூரை மாதிரி மடித்து வைத்திருக்கும். தொட்டால் பக்கவாட்டில் ஓடும், இன்னும் நெருங்கினால் சட்டென்று துள்ளிப் பறந்துவிடும். குஞ்சுகளுக்கு இறக்கை கிடையாது, ஓடவும் குதிக்கவும் மட்டும் தெரியும்.

சந்தேகம் இருந்தால் ஒன்றைப் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பின்னங்காலைப் பாருங்கள். கணுக்காலுக்கு மேல் உள்ள நீண்ட பகுதியில் சீப்புப் பற்கள் மாதிரி முள் வரிசை இருக்கும். நெல்லைத் தாக்கும் புகையானும் இதே போலத் துள்ளும், ஆனால் அது வேறு குடும்பம். அதன் காலில் இந்த முள் வரிசை இல்லை, நுனியில் அசையக்கூடிய ஒரே ஒரு பெரிய முள் இருக்கும். புகையான் தண்டின் அடியில் கூட்டமாக உட்காரும், பச்சைத் தத்துப்பூச்சி மேல் இலைகளில் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மருந்தைத் தவறான இடத்தில் அடிப்பீர்கள்.

வெள்ளை ஈயோடு குழப்பம் வருவது இன்னும் சகஜம். செடியை உலுக்கினால் வெள்ளை ஈ மாவு தூவியது மாதிரி எழும்பி, அங்கேயே சுற்றிவிட்டுத் திரும்ப உட்காரும். தத்துப்பூச்சி தனித்தனியாகத் தெறிக்கும். அசுவினி என்றால் தப்பிக்கவே பார்க்காது, கொழுந்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

பூச்சி கண்ணில் படாவிட்டாலும் தடயம் கிடைக்கும். இலையின் அடியில் வெள்ளைத் தோல்கள் ஒட்டியிருக்கும். பூச்சியின் உருவம் அப்படியே, உள்ளே ஒன்றும் இல்லாமல். குஞ்சு பெரிய பூச்சியாவதற்குள் ஐந்து தடவை சட்டை உரிக்கும், அந்தச் சட்டைகள்தான் இவை. நிறைய இருந்தால் குடும்பம் அங்கே பல நாளாகக் குடியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது எண்ணிக்கை

இதைத்தான் புதியவர்கள் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டினேன்.

வெயில் ஏறுவதற்கு முன், பூச்சி மந்தமாக இருக்கும் நேரத்தில் போங்கள். தோட்டத்தின் ஓரத்தில் மட்டும் பார்க்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துச் செடிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு செடியிலும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இலை. இலையைப் பறிக்காதீர்கள், வெடுக்கென்று திருப்பவும் வேண்டாம். காம்பை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகச் சாய்த்து அடிப்பக்கத்தில் உள்ள குஞ்சுகளை எண்ணுங்கள். பெரிய பூச்சி பறந்துவிடும், கவலை வேண்டாம். சேதத்தில் பெரும்பங்கு குஞ்சுகளுடையது, அவை எங்கும் போகாது. முப்பது இலைகளில் மொத்தம் எத்தனை என்பதை ஒரு காகிதத்தில் தேதியோடு குறித்துவையுங்கள்.

பருத்தியில் இலைக்குச் சராசரியாக இரண்டு குஞ்சு என்பது பல காலமாகப் பின்பற்றும் எல்லை. அதைத் தொட்டால்தான் மருந்துச் செலவுக்கு அர்த்தம் உண்டு. வீட்டுத் தோட்டத்தில் வெண்டை, கத்தரி போன்றவற்றுக்கும் ஏறத்தாழ இதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் அனுபவம். முப்பது இலையில் பதினைந்து குஞ்சு என்றால் சும்மா விடுங்கள். அறுபதைத் தாண்டினால் யோசியுங்கள். நடுவில் இருந்தால் நாலு நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அதில் தெரியும். நாற்றுப் பருவத்தில் மட்டும் இந்த எல்லையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நாலு இலைச் செடி தாங்காததை இருபது இலைச் செடி தாங்கும்.

மஞ்சள் ஒட்டும் பொறி வைப்பதும் நல்லதுதான், ஆனால் அதை உளவாளியாக மட்டும் வையுங்கள். எப்போது பூச்சி வர ஆரம்பித்தது என்று அது சொல்லும். அதுவே பூச்சியை ஒழித்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தவிர, சிறு குளவி, பொறிவண்டு எல்லாம்கூட அதில் ஒட்டிச் சாகும்.

இலை என்ன சொல்கிறது?

எல்லாத் தத்துப்பூச்சியும் ஒரே மாதிரிச் சாப்பிடுவதில்லை. ஊசி வாய் எல்லாவற்றுக்கும் உண்டு, அதை எங்கே குத்துகிறது என்பதில்தான் வித்தியாசம்.

சில இனங்கள் இலையின் தனித்தனிச் செல்களைக் குத்தி உள்ளிருப்பதைக் காலி செய்யும். அந்த இடமெல்லாம் வெளுத்து, இலையில் வெள்ளைப் பொடி தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். பார்க்க அசிங்கமாக இருக்கும், செடிக்குப் பெரிய ஆபத்து இல்லை. ரோஜா, திராட்சை, ஆப்பிள் இலைகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

வெண்டை, பருத்தி, கத்தரியில் வரும் பச்சைத் தத்துப்பூச்சி வேறு வகை. அறிவியல் பெயர் அம்ராஸ்கா பிகுட்டுலா. பிகுட்டுலா என்றால் இரண்டு பொட்டு, அதன் இரு முன்னிறக்கைகளிலும் ஆளுக்கொரு கறுப்புப் பொட்டு இருக்கும். இது நரம்போரம் குத்தி உறிஞ்சும்போது குழாய்த் திசு காயப்பட்டு, எச்சிலும் சேர்ந்து, இலையிலிருந்து சர்க்கரை வெளியேறும் பாதை அடைபட்டுப் போகிறது. விளைவு, இலையின் ஓரம் முதலில் மஞ்சளாகும், பிறகு சுருண்டு கிண்ணம் போல் குழியும், கடைசியில் ஓரம் கருகித் தீய்ந்தது மாதிரி ஆகும். பருத்தி என்றால் நடுவில் செங்கல் நிறம் ஒன்று வந்து போகும். இதைத் தத்துப்பூச்சிக் கருகல் என்பார்கள். ஆசியாவில் பழைய ஆளான இந்தப் பூச்சி 2022-இல் மேற்கு ஆப்பிரிக்கப் பருத்தி வயல்களில் பெருஞ்சேதம் செய்தது. அங்கே அதற்குமுன் அது பெரிதாகத் தெரிந்ததில்லை.

ஓரம் கருகினால் உடனே தத்துப்பூச்சி என்று முடிவு கட்டாதீர்கள். சாம்பல் சத்துக் குறைந்தாலும், தண்ணீர் பற்றாவிட்டாலும், உப்புத் தண்ணீர் பாய்ந்தாலும் இலை ஓரம் கருகும். இலையைத் திருப்புங்கள். அடியில் குஞ்சோ உரித்த சட்டையோ இல்லாவிட்டால் காரணம் வேறு. இந்த ஒரு பழக்கம் நிறையப் பணத்தை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது வகை தண்டில் நீர் ஏறும் குழாயைக் குத்தும். அதில் சத்து என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஏறக்குறைய வெறும் தண்ணீர். அதனால் இவை ஒரு நாளில் தம் உடல் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல் குடித்துச் சொட்டுச் சொட்டாகக் கழித்துக்கொண்டே இருக்கும். வால்நுனியில் உள்ள சின்னத் தகட்டால் அந்தச் சொட்டைக் கவண் கல் மாதிரி வீசி எறியும். 2023-இல் வந்த ஓர் ஆய்வு, அந்தச் சொட்டு தகட்டைவிட வேகமாகப் பறக்கிறது என்று அளந்து காட்டியது. தோட்டக்காரருக்கு இதனால் பயனில்லை, ஆனாலும் எனக்குப் பிடித்த தகவல். கலிபோர்னியாத் திராட்சைத் தோட்டங்களைச் சாகடிக்கும் பியர்ஸ் நோயின் பாக்டீரியாவைப் பரப்புவது இந்த வகைதான். அது வேடிக்கை இல்லை.

உறிஞ்சுவதைவிடப் பெரிய ஆபத்து

தத்துப்பூச்சி குடிக்கும் சாற்றைச் செடி சமாளித்துக்கொள்ளும். அது வாயில் கொண்டுவரும் நோயைச் சமாளிக்க முடியாது.

1880-களில் ஜப்பானில் ஹாஷிமோட்டோ என்ற நெல் விவசாயி, நெற்பயிர் குட்டையாகிப் போகும் நோய்க்கும் தத்துப்பூச்சிக்கும் தொடர்பு இருப்பதைத் தானே சோதித்துக் கண்டார். ஒரு பூச்சி செடிக்குச் செடி நோயைக் கடத்துகிறது என்பதற்கு உலகில் கிடைத்த ஆரம்பகாலச் சான்றுகளில் ஒன்று அது. வைரஸ் என்ற சொல்லே அன்று இன்றைய பொருளில் இல்லை.

தோட்டத்துக்கு வேண்டியது, நோய் எந்த வேகத்தில் கடத்தப்படுகிறது என்பது. இரண்டு உதாரணம் போதும். நெல்லில் துங்ரோ என்ற வைரஸ் நோயை நெல்லின் பச்சைத் தத்துப்பூச்சி பரப்புகிறது, வெண்டையில் வருவது அல்ல, இது வேறு இனம். நோயுள்ள பயிரில் கொஞ்ச நேரம் உறிஞ்சினால் போதும், உடனே அடுத்த பயிருக்குக் கொடுத்துவிடும். ஆனால் சில நாளில் அந்தச் சரக்கு தீர்ந்துவிடும். கத்தரியில் வரும் சிற்றிலை நோயும் எள்ளில் வரும் பூவிலை நோயும் இதற்கு நேர்மாறு. இவற்றுக்குக் காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்ற, செல்சுவர் இல்லாத நுண்ணுயிர். 1967-இல்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை அடையாளம் கண்டார்கள், அதுவரை இவற்றை வைரஸ் நோய் என்றே நினைத்திருந்தார்கள். இது பூச்சியின் உடலுக்குள் புகுந்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரவே இரண்டு மூன்று வாரம் ஆகும். சேர்ந்த பிறகு அந்தப் பூச்சி சாகும்வரை நோயைப் பரப்பிக்கொண்டே இருக்கும்.

சிற்றிலை நோய் கண்ட கத்தரியை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. விரல் நகம் அளவுக்கு வெளுத்த இலைகள், கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாக, செடி முழுக்கப் புதர் மாதிரி. பூ வராது, வந்தாலும் இலையாக மாறிவிடும். எள்ளில் பூ இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து நிற்கும். சிலர் "செடி நன்றாகக் கிளைக்கிறதே" என்று சந்தோஷப்பட்டு உரம் வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் செடிகளைக் காப்பாற்ற மருந்து இல்லை. வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கும் முறையும் முக்கியம். செடியில் உட்கார்ந்திருக்கும் பூச்சிகள் பறந்து பக்கத்துச் செடிக்குப் போனால் நீங்களே நோயைப் பரப்பியதாகிவிடும். விடியற்காலையில் ஒரு பெரிய பையைச் செடியின் மேல் கவிழ்த்து, அடியில் கட்டி, அப்புறம் பிடுங்குங்கள். அதை வெயிலில் மூடியபடியே வாடவிட்டுப் புதைத்துவிடலாம். செடியை நினைத்து மனசு கேட்காது, இரண்டு வாரம் பார்ப்போம் என்று தோன்றும். அந்த இரண்டு வாரத்தில்தான் பக்கத்துச் செடிகள் போகும். சுற்றியுள்ள களைகளிலும் நோயும் பூச்சியும் ஒளிந்திருக்கும் என்பதால் நாற்று நடும் முன்பே களையெடுத்துவிடுவது நல்லது. பயிர் வந்த பிறகு திடீரென்று களையை வெட்டினால் அதில் இருந்த பூச்சியெல்லாம் உங்கள் செடிக்குத்தான் வரும்.

பூச்சிக்குப் பிடிக்காத செடி

யூரியாவை அள்ளிப் போட்டால் இலை தளதளவென்று வரும், சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதுதான் விருந்து. தழைச்சத்தை ஒரே தடவையாகக் கொட்டாமல் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீருக்குத் தவிக்கும் செடியும் கருகலைத் தாங்காது.

விதை தேர்ந்தெடுக்கும்போது இலையில் ரோமம் உள்ள ரகம் கிடைத்தால் எடுங்கள். 1920-களில் தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டனில் பார்னெல் என்ற ஆராய்ச்சியாளர் இதை வைத்தே தத்துப்பூச்சி தாக்காத பருத்தி ரகங்களை உருவாக்கினார். அடர்ந்த, நீண்ட ரோமம் இருந்தால் பூச்சியால் நரம்பருகே உட்கார்ந்து குத்தவோ முட்டை வைக்கவோ எளிதில் முடியாது. பூச்சிமருந்தே தேவைப்படாத ஒரு தீர்வு, அதுவும் நூறு வருடத்துக்கு முன்பு.

சிறிய தோட்டம் என்றால் நாற்றுப் பருவத்தில் நெருங்கிய கண்ணுள்ள பூச்சி வலையால் மூடுவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. ஓரங்களை மண்ணால் அழுத்தி மூடுங்கள். பூசணி, வெள்ளரிக் குடும்பம் என்றால் பூக்க ஆரம்பித்ததும் வலையை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தேனீ வர வழியிருக்காது.

உங்கள் காவலாளிகள்

முதல் வருடம் நான் செய்த தப்புக்கு இப்போது வருகிறேன். தத்துப்பூச்சி முட்டையை இலைமேல் வைப்பதில்லை. நரம்பைக் கீறி அதற்குள் செருகிவிடும். நான் அடித்த மருந்து பூச்சியைக் கொன்றது, நரம்புக்குள் இருந்த முட்டையைத் தொடவே இல்லை. ஒரு வாரம் பத்து நாளில் அவை பொரித்தன. அந்தக் குஞ்சுகளைத் தின்ன வேண்டிய சிலந்திகளும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்களும் அதே மருந்தில் செத்துப்போயிருந்தன. காவல் இல்லாத வீடு, திருடனுக்கு என்ன குறை?

மூன்று பேரை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். சிலந்தி, இது எல்லோருக்கும் தெரியும், வலை கட்டாமல் இலைமேல் திரியும் சிலந்திகள்தான் நமக்கு அதிகம் உதவும். இரண்டாவது, கண்ணுக்கே தெரியாத முட்டைக் குளவிகள். 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. நரம்புக்குள் இருக்கும் தத்துப்பூச்சி முட்டையைத் தேடி அதற்குள் தன் முட்டையை வைக்கும். நம் மருந்து போக முடியாத இடத்துக்கு இது போகிறது. மூன்றாவது, டிரைனிட் குளவி. தத்துப்பூச்சியின் உடம்பில் ஒரு பக்கம் கறுப்பாக மூட்டை தொங்குவது போலப் பார்த்தால் அதைக் கொல்லாதீர்கள். அந்த மூட்டைக்குள் குளவியின் புழு வளர்கிறது, பூச்சியின் கணக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

தெளித்தே ஆகவேண்டும் என்றால்

எண்ணிக்கை எல்லையைத் தாண்டிவிட்டது, ஏறிக்கொண்டும் இருக்கிறது. சரி, அப்படியென்றால் மென்மையானதிலிருந்து ஆரம்பியுங்கள்.

பத்துச் செடிக்குள் இருந்தால் குழாய்த் தண்ணீரை இலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சினாலே குஞ்சுகள் விழுந்துவிடும், பல திரும்ப ஏறாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை செய்யுங்கள்.

அடுத்தது வேம்பு. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் 5 சதவீதச் சாறு தயார். இது பூச்சியை உடனே கொல்லாது. சாப்பிடவிடாமலும் சட்டை உரிக்கவிடாமலும் செய்யும், அதனால் மறுநாளே பலன் தேடாதீர்கள். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மில்லி போதும், சோப்பு கலக்காவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும். எதுவானாலும் முதலில் இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்து, இலை தீயவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கவேண்டும்.

தெளிப்பான் முனையை மேல்நோக்கித் திருப்பி, செடியின் அடியிலிருந்து இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். மேலிருந்து அடித்தால் பூச்சிக்கு நீங்கள் குடை பிடித்தது போல. நரம்புக்குள் இருக்கும் முட்டைகள் பொரிக்கும் என்பதால் ஏழு முதல் பத்து நாளில் இரண்டாவது தெளிப்பு தேவைப்படும். அதையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கவேண்டும்.

ரசாயன மருந்து கடைசி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் தத்துப்பூச்சி சீக்கிரமே பழகிக்கொள்ளும், இமிடாகுளோபிரிட் போன்றவற்றுக்குப் பல இடங்களில் அப்படித்தான் ஆனது. அந்த வகை மருந்து தேனீக்கும் விஷம், பூ இருக்கும் செடியில் வேண்டவே வேண்டாம். டப்பாவில் எழுதியிருக்கும் அளவையும் அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்பதையும் தாண்டாதீர்கள்.

மருந்தே இல்லாத ஒரு வழியை வட இத்தாலியத் திராட்சைத் தோட்டங்களில் சோதித்திருக்கிறார்கள். தத்துப்பூச்சிகள் துணையைத் தேடும்போது தண்டு வழியாக அதிர்வு அனுப்பிப் பேசிக்கொள்ளும், நம் காதுக்கு அது கேட்காது. கொடி கட்டியிருக்கும் கம்பியில் குறுக்கே வேறு அதிர்வை ஓடவிட்டால் ஆணும் பெண்ணும் சந்திப்பது தடுமாறிப்போகிறது. இன்னொரு பக்கம், தைவானில் கீழைஅழகி என்று பெயர் பெற்ற தேயிலைக்குத் தத்துப்பூச்சி கடித்த கொழுந்துதான் வேண்டும். கடிபட்ட கொழுந்து தற்காப்புக்குச் சுரக்கும் பொருள்கள்தான் பதப்படுத்தும்போது தேன் மணமாக வருகின்றன. அங்கே மருந்தடித்தால் சரக்கே போச்சு.

தெளித்த ஐந்தாம் நாள் காலை, அதே பத்துச் செடிகளுக்குப் போய் அதே முப்பது இலைகளை எண்ணுங்கள். பழைய காகிதத்திலேயே பழைய எண்ணுக்குக் கீழே புதிய எண்ணை எழுதுங்கள். பழைய இலையின் கருகல் மறையாது, அதைப் பார்த்துப் பதறவேண்டாம். புதிதாக வந்த இரண்டு மூன்று இலைகள் தட்டையாகப் பச்சையாக விரிந்திருந்தால் அந்தச் செடியை விட்டுவிடலாம்.